அறுபது கிலோவும் இரண்டு ரோல்ஸும்

1

இந்தக் கதை ஒரு மட்டன் ரோல்ஸில் பிறந்தது. மறைத்து என்ன பயன்? பொரித்தது என் மனைவி சந்திரமதி. திணித்தது நான்.

முதலில் வேறு மாதிரித்தான் தொடங்கினேன். 'கிளாஸ்கோவின் பனிமூட்டத்தில் ஒரு சிறுமி தன் கையுறைகளை...'

வேண்டாம். கிளாஸ்கோவை நான் கண்டதே இல்லை. சுவிஸில், சூரிச்சுக்குப் பக்கத்து டீட்டிகோனில், சாமான் லாகரில் (கிடங்கை இங்கே அப்படித்தான் சொல்வோம்) பெட்டி தூக்குகிறவனுக்குப் பனிமூட்டம் எதற்கு?

2

யதுஷா என் அண்ணையின் மகள். கிளாஸ்கோவில் பிறந்தவள். (எங்கள் சனத்துக்கு அவள் 'லண்டன் பிள்ளை'. பிரித்தானியா முழுவதும் எங்களுக்கு லண்டன்தான்.) பன்னிரண்டு வயதில் குத்துச்சண்டை பழகப் போனாள். கண் வீங்கிய நாட்களில் அண்ணி, "கதவில அடிபட்டுட்டாள்" என்று சமாளிப்பார். அந்தக் கதவில் அடிபட்டு அடிபட்டே பிள்ளை மூன்று முறை ஸ்கொட்லாந்தின் அமெச்சூர் சாம்பியன் ஆனாள்.

போன வைகாசியில் சூரிச்சில் ஒரு போட்டி. வயது முப்பத்திரண்டு, முழங்கால் பழுது. இதுதான் கடைசிச் சண்டை என்று முடிவெடுத்து வந்தாள். அறுபது கிலோப் பிரிவு. போட்டிக்கு முதல் நாள் பின்னேரம் எங்களைப் பார்க்க வந்தாள்.

"எங்கட வீட்டை வந்திட்டுக் கை நனைக்காமல் போறதோ?" என்றேன்.

"வேண்டாம் சித்தப்பா. நாளைக்குக் காலமை நிறை பாக்கிறாங்கள்."

"ஒரு ரோல்ஸில என்ன நிறை கூடப்போகுது?"

சாப்பிட்டாள். இன்னொன்று வைத்தேன். பிறகு பிளேன்டீ.

3

காலையில் தராசு நூற்றைம்பது கிராம் கூடக் காட்டியது. குறைக்க ஒரு மணித்தியாலம் தந்தார்கள்.

(முடிவு அ: என் குளிர் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு கயிறடித்தாள், வியர்த்தாள், நிறை சரியாகி வென்றாள். பேனை என் கையில்தானே, ஒரு மனுசியை மெலியவைக்க என்ன கஷ்டம்?)

(முடிவு ஆ: வளையத்தில் தோற்றாள், ஆனாலும் சனம் எழுந்து நின்று... சீ.)

நடந்தது இது. ஜாக்கெட்டும் கயிறும் உண்மை. அந்த முழங்காலோடு ஒரு மணித்தியாலம் துள்ளினாள். ஐம்பது கிராம் மிச்சம். சண்டை இல்லை. இருபது வருடம் அந்த மண்டபத்தின் வாசலில் முடிந்தது. ஜாக்கெட்டை மடித்து என்னிடம் தந்தாள். எனக்கு வெட்கமாக இருந்தது.

4

அவளுக்குத் தமிழ் வாசிக்க வராது. இவ்வளவையும் போனில் வாசித்துக் காட்டினேன்.

"வடிவா இருக்கு சித்தப்பா. ஆனா நான் மூண்டு தரம் வேண்டாம் எண்டனான். நீங்கள் ஒருக்காத்தான் எழுதியிருக்கிறியள்."

"கதைக்கு ஒண்டு காணும், போதும் எண்டு விட்டனான் பிள்ளை."

"அண்டைக்கு உங்களுக்கு மூண்டும் காணேல்ல."

5

ஆகவே தராசில் நான் கைவைக்கவில்லை. ஐம்பது கிராம் அப்படியே இருக்கட்டும். இரண்டாம் பகுதிக்குத் திரும்பிப் போகிறேன், வாருங்கள்.

யதுஷா சோபாவில் இருக்கிறாள். மூன்று தரமும் வேண்டாம் என்று சொல்லி முடித்துவிட்டாள். சந்திரமதி பொரித்த கையோடு குசினி வாசலில் நிற்கிறாள். வந்த பிள்ளையை வெறும் வாயோடு அனுப்ப உங்களுக்கும் மனம் வராது, எனக்குத் தெரியும்.

இந்தாருங்கள், தட்டைப் பிடியுங்கள், நீங்களே அவளிடம் கொடுங்கள். சூடாக இருக்கிறது.