தள்ளுறதுக்கு ஆள் இருக்கு

விடிவதற்குள் பள்ளத்தில் இறங்கிவிட்டோம். பெய்த மழையில் குழாய் பதிக்கிற தடமெல்லாம் களியாகக் கிடந்தது. கால் வைத்தால் முழங்கால்வரை விழுங்கியது. சிமெண்டுக் குழாய் ஏற்றிய டிரெய்லரோடு டிராக்டர் பாதி வழியில் உட்கார்ந்துவிட்டது. பின்சக்கரங்கள் சுற்றச் சுற்றக் குழிதான் ஆழமானது. பலகை போட்டோம், சல்லி கொட்டினோம், கடைசியில் தோளைக் கொடுத்தோம். சக்கரம் வாரியடித்த சேற்றைத் துப்பிவிட்டு மறுபடி முட்டுக் கொடுத்தோம்.

முன்சக்கரமும் சேர்ந்து இழுக்கிற வண்டி வேண்டும் என்று டிரைவர் முதலாளியிடம் கேட்டுக் கேட்டு அலுத்திருந்தார். பழைய வண்டி ஓய்ந்துவிட்டதால் முதலாளியும் புதிது தேடிக்கொண்டிருந்தார். அன்று காலை விற்பனைக்காரர் அப்படியொரு வண்டியை ஓட்டிக்காட்டக் கொண்டுவந்தார். எங்கள் டிரெய்லரை அதில் மாட்டியதும், நாலு சக்கரமும் மண்ணைக் கவ்விக்கொண்டு அலுங்காமல் மேடேறியது. டிரைவரின் தங்கை புருஷன் நெட்டை எப்போதும் கேலி பேசுகிறவன். "மச்சான், இது வந்துட்டா எனக்கு முதுகுன்னு ஒண்ணு இருக்கறதே மறந்துடும்" என்றான். எல்லோரும் சிரித்தோம்.

முதலாளியும் ஏறி ஓட்டிப் பார்த்தார். இறங்கி விலையைக் கேட்டதும் முகம் மாறியது. ரெண்டு சக்கரம் இழுக்கிற வண்டியே போதும் என்றார். இந்த மண்ணில் அது வழுக்கும், சரிவில் பாரத்தோடு ஆபத்து என்று விற்பனைக்காரரே சொல்லிப் பார்த்தார்.

"தள்ளுறதுக்கு ஆள் இருக்கு" என்றார் முதலாளி. எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

புதுச் சிவப்பு வண்டி வந்தது. அடுத்த மழையிலேயே, சரிவில் ஏறும்போது வழுக்கி, பாரத்தோடு பின்னால் சறுக்கியது. தள்ளிக்கொண்டிருந்த நாங்கள் சிதறினோம். சேற்றில் புதைந்த கால்களை நெட்டையால் பிடுங்க முடியவில்லை. டிரெய்லர் சக்கரம் அவன் தொடைமேல் ஏறி நின்றது. வெறுங்கையால் சேற்றைத் தோண்டி அவனை எடுத்தோம். தன் காரில் ஏற்ற முதலாளி சம்மதிக்கவில்லை, சீட்டு பாழாகிவிடுமாம். குழாய்களை உருட்டித் தள்ளிவிட்டு அதே டிரெய்லரில் கிடத்திக் கொண்டுபோனோம். ஒவ்வொரு பள்ளத்துக்கும் அலறினான். ஆஸ்பத்திரியில் வலது காலை எடுத்துவிட்டார்கள்.

அவன் மனைவியும் எங்களோடு மண் சுமப்பவள்தான். வீட்டில் அடுப்பு எரிய வேண்டுமே. மாமியாரை ஆஸ்பத்திரியில் துணைக்கு வைத்துவிட்டு வேலைக்கு வந்தாள். அன்றும் வண்டி சிக்கியது. மேட்டில் குடை பிடித்து நின்ற முதலாளி அவளைக் கூப்பிட்டார்.

"ஒரு ஆள் குறையுது. உன் புருஷன் நின்ன எடத்துல நீ நின்னு தள்ளு."

அவள் மண்கூடையைக் கீழே வைத்தாள். அழவில்லை.

"தள்ள மாட்டேன்."

"அப்ப வீட்டுக்குப் போ."

"போகவும் மாட்டேன்" என்று குழாயின்மேல் உட்கார்ந்தாள்.

டிரைவர் எஞ்சினை அணைத்தார். விபத்துக்குப் பிறகு தங்கையின் முகத்தை ஏறிட்டுப் பார்க்காதவர், இறங்கிப் போய் அவள் பக்கத்தில் நின்றார். "நான் ஓட்டின வண்டியிலதான் அவன் கால் போச்சு. இனி இதுல ஏற மாட்டேன்" என்றார்.

ஒருவர் பின் ஒருவராக நாங்களும் பள்ளத்தைவிட்டு ஏறினோம். நெட்டைக்கு வைத்தியம் முதலாளி பொறுப்பு. நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி வந்தால்தான் வேலை. டிரைவர் எல்லோருக்குமாகப் பேசினார்.

"ஒரு போன் போட்டா லாரி நெறைய ஆள் வரும்" என்றார் முதலாளி.

"வரட்டும். அவங்களுக்கும் கால் இருக்குல்ல" என்றார் டிரைவர்.

லாரி வந்தது. அதிலிருந்து முண்டாசு கட்டிய ஒருவர் எட்டிப் பார்த்து, ஏன் உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று கேட்டார். நெட்டையின் மனைவி நடந்ததைச் சொன்னாள். அவர் இறங்கிச் சரிவுவரை போய்ப் பார்த்தார். திரும்பி வந்து, தன் கடப்பாரையை லாரிக்குள்ளேயே போட்டார். பாதிப் பேர் லாரியைவிட்டு அசையவில்லை, வயிறு அவர்களுக்கும் இருக்கிறது. மீதிப் பேர் குதித்து எங்கள் பக்கம் வந்தார்கள். முதலாளி மறுபடி போனை எடுத்தார்.

மழை வலுத்தது. தார்ப்பாயைத் தலைக்குமேல் இழுத்தோம். நெட்டையின் மனைவி நகர்ந்து, வந்தவர்களுக்கு இடம் விட்டாள்.