ஜன்னல் வழியாகப் போன பெல்ட்

காருக்கென்று ஒரு சாமான் எங்காவது கடையில் தொங்கினால் போதும், தையல்காரியின் கணவனுக்கு மூக்கில் வியர்த்துவிடும். சீட்டுக்குப் பின்னால் மாட்டும் பை, டிக்கியில் விரிக்கும் வலை, ஒவ்வொரு திருப்பத்திலும் மடியில் வந்து விழும் போன் ஸ்டாண்ட் என்று எல்லாம் வாங்கியாயிற்று. சுமையைத் தூக்காமல் தள்ளிக்கொண்டு போகலாம் என்று ஒரு மடக்கு டிராலியும் வாங்கினான். அந்த டிராலியைத் தூக்கிக்கொண்டு வர இன்னொரு ஆள் வேண்டியிருந்தது.

"வண்டிய வெச்சு நமக்கு வசதியா, நம்மள வெச்சு வண்டிக்கு வசதியா?" என்று அவன் அம்மா அவ்வப்போது கேட்பாள். அவன் கதவு ரப்பருக்குப் பவுடர் போட்டுக்கொண்டிருப்பான்.

அன்று காலை மட்டும் தையல்காரி அவனைக் கிண்டல் செய்யவில்லை. அன்றைக்கு அவளுக்குக் கார் வேண்டும், அவன் வேண்டும், அவன் சாமான்களும் வேண்டும். நான்கு வருஷமாகப் படுக்கையறை மூலையில் தைத்துக்கொண்டிருந்தவளுக்குக் கடைவீதியில் ஓர் அறை அமைந்திருந்தது. கட்டடத்துக்காரர் ஒரே ஒரு நிபந்தனை போட்டிருந்தார். இதற்கு முன் இரண்டு பேர் அறையை எடுத்துப் பூட்டியே வைத்திருந்து அவரை நோகடித்திருந்தார்கள். அதனால், "பன்னெண்டு மணிக்குள்ள சாமானோட வந்து உள்ள எறக்குங்க, சாவி உங்களுக்கு. இல்லன்னா செல்போன் கவர் விக்கிறவர் ஒருத்தர் காத்துக்கிட்டு இருக்காரு" என்று சொல்லிவிட்டார்.

பெரிய சாமான் என்றால் துணி வெட்டும் மேசை. கால்களைக் கழற்றிய பிறகு அது காரைவிட அகலமில்லை என்பதுதான் ஒரே ஆறுதல். கூரைமேல் ஏற்றியதும் நீளத்தில் பின்பக்கம் டிக்கிக்கு மேல் நீட்டிக்கொண்டு நின்றது. அதைக் கூரைமேல் கட்டுவதற்கென்றே கணவன் புது பெல்ட் இரண்டு வாங்கி வைத்திருந்தான். கூடவே ஒரு இரும்புப் பிடி. அதை முன்னும் பின்னும் ஆட்டினால் பெல்ட் இறுகிக்கொண்டே போகும்.

"கதவத் தொறந்து பெல்ட்ட உள்ள விட்டு மூடணும்னு அட்டையில படம் போட்டிருக்கே" என்றாள் தையல்காரி.

"படம் போட்டவனுக்கு என்ன, அவன் வண்டியா? கதவுக்கு நடுவுல பெல்ட் மாட்டினா ரப்பர் நசுங்கிடும். ஜன்னல் வழியா விடலாம். நீங்க ரெண்டு பேரும் உள்ள உக்காந்து இந்தப் பக்கம் வாங்கி அந்தப் பக்கம் குடுங்க."

முன் சீட்டில் தையல்காரியும், பின் சீட்டில் தையல் மிஷினை அணைத்துக்கொண்டு மாமியாரும் உட்கார்ந்து வாங்கி வாங்கிக் கொடுத்தார்கள். மாமியாருக்கு இந்தக் கடையில் சம்மதமே இல்லை. வீட்டிலேயே தைத்தால் ஆகாதா என்று கேட்டவள், அது என்ன பொந்து என்று பார்த்துவிட்டு வரத்தான் கிளம்பியிருந்தாள்.

கணவன் இரண்டு பெல்ட்டையும் வீணைத் தந்தி மாதிரி இறுக்கினான். தட்டிப் பார்த்தான். முகத்தில் அப்படி ஒரு திருப்தி. கையைத் துடைத்துக்கொண்டு டிரைவர் கதவைத் திறக்கப் போனான்.

கதவு திறக்கவில்லை. சுற்றிப் போய் மற்ற கதவுகளை இழுத்தான். நான்கு கதவையும் ஜன்னல் வழியாகப் போன பெல்ட் காரோடு சேர்த்துக் கட்டியிருந்தது. டிக்கி மேலே எழும்ப மேசை இடம் கொடுக்கவில்லை.

"டேய், எங்கள உள்ள வெச்சுக் கட்டிட்டியா?" என்றாள் அவன் அம்மா.

"கழட்டிடலாம்மா. ஒரு நிமிஷம்."

இறுக்குவது எப்படி என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. தளர்த்துவது எப்படி என்று தெரியவில்லை. எதை அழுத்தினாலும் 'டிக்' என்று இன்னும் ஒரு பல் இறுகியது. பிறகு டிரைவர் ஜன்னல் வழியாகத் தலையை விட்டான், தோளை விட்டான். வயிறு வரும்போது விஷயம் நின்றுபோயிற்று. தையல்காரி அவனை வெளியே தள்ளிவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தாள். பதினொன்றரை.

"சாவிய இப்படிக் குடுங்க" என்றாள், கியரைத் தாண்டி டிரைவர் சீட்டுக்கு நகர்ந்துகொண்டே.

அவளிடம் லைசென்ஸ் இருந்தது. கல்யாணமான நாளிலிருந்து அது பீரோவுக்குள்தான் இருந்தது. அவன் தன் சட்டையைக் கூட யோசிக்காமல் கழற்றிக் கொடுப்பான். கார் சாவி என்றால் மட்டும் கை பின்னால் போகும்.

"நீயா? மேல மேசை வேற இருக்கு. க்ளட்ச் கொஞ்சம்..."

"பேசிக்கிட்டே நின்னீங்கன்னா அந்தக் கவர்காரர் கடைத் திறப்பு விழாவுக்கு நம்மள கூப்பிடுவாரு."

அவன் சாவியைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், கொடுத்தான். "ஸ்பீட் பிரேக்கர்ல மெதுவா. நான் பின்னாலயே வரேன்" என்று பக்கத்து வீட்டுச் சைக்கிளைக் கேட்க ஓடினான்.

கார் இரண்டு தரம் குதித்துவிட்டு நகர்ந்தது. தையல்காரி ஸ்டீயரிங்கைக் கைக்குழந்தை மாதிரி பிடித்திருந்தாள். தெரு தாண்டி வேகம் எடுத்ததும் தலைக்கு மேல் 'ஹூம்ம்' என்று ஒரு சத்தம் கிளம்பியது.

"யாரு முனகுறா?" என்றாள் மாமியார்.

"காத்துல பெல்ட் அதிருது அத்தை."

"நான் என் புள்ளையோன்னு பாத்தேன்." கொஞ்ச தூரம் போனதும், "நல்லாத்தான் ஓட்டுற. இத்தனை நாளா எங்க வெச்சிருந்த?" என்றாள்.

"பீரோவுல" என்றாள் தையல்காரி.

கடைவீதியில், திறந்த ஷட்டருக்கு முன்னால், கட்டடத்துக்காரர் வாட்சைப் பார்த்தபடி நின்றார். அவருக்குப் பக்கத்தில் செல்போன் கவர்காரர். ஒரு குட்டி வேனில் கண்ணாடி மேசையும் ஆட்களுமாகத் தயாராகத்தான் வந்திருந்தார்.

"வந்துட்டீங்களா, எறங்குங்க. இன்னும் அஞ்சு நிமிஷம் இருக்கு" என்றார் கட்டடத்துக்காரர்.

தையல்காரி புன்னகைத்தாள். இறங்கவில்லை. கட்டடத்துக்காரர் மறுபடி வாட்சைப் பார்த்தார்.

"என்னம்மா, கதவு கெட்டுப்போச்சா?"

"கதவு நல்லாத்தான் இருக்கு. கட்டினவருதான் கொஞ்சம்..." என்றவள், முடிக்காமல் துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே தலையை விட்டாள். இடுப்பு வரை வந்தாள். அதற்கு மேல் முன்னாலும் போக முடியவில்லை, பின்னாலும் போக முடியவில்லை. "அத்தை, ஒரு கை குடுங்க."

மாமியார் முன் சீட்டுகளுக்கு நடுவே எட்டி இரண்டு கையையும் கொடுத்தாள். "மருமகள வெளிய தள்ளின மாமியார்னு ஊரெல்லாம் பேசப் போகுது."

"பேசட்டும் அத்தை. நல்லாத் தள்ளுங்க."

தையல்காரி தலைகீழாகச் சரிவதைப் பார்த்த செல்போன் கவர்காரர், "அய்யய்யோ, விழுந்துடப் போறீங்க" என்று ஓடிவந்து, தோளைப் பிடித்து இழுத்து, பத்திரமாக நிற்க வைத்தார். நிற்க வைத்த பிறகுதான் தான் என்ன காரியம் செய்தோம் என்பது அவருக்கு உறைத்தது. மெல்லத் தன் வேனைத் திரும்பிப் பார்த்தார்.

தையல்காரிக்கு நன்றி சொல்லவும் நேரமில்லை. பின் ஜன்னலுக்கு ஓடினாள். மாமியார் மூச்சைப் பிடித்து மிஷினைத் தூக்கி ஜன்னல் விளிம்பில் வைத்தாள். அந்தக் கனத்தை மார்போடு அணைத்துக்கொண்டு தையல்காரி படியேறி, வெறும் தரையின் நடுவில் இறக்கினாள்.

"தையல் மிஷின்" என்றாள். "சாமான்தானே?"

"சாமான்தான்" என்றார் கட்டடத்துக்காரர். "ஜன்னல் வழியா வந்து கடை வெக்கிறவங்க பூட்டிட்டுப் போக மாட்டாங்க." சாவியை அவள் கையில் வைத்தார். செல்போன் கவர்காரர் பெருமூச்சு விட்டு, பக்கத்தில் வேறு அறை ஏதும் காலியாக இருக்கிறதா என்று விசாரித்தார்.

கணவன் சைக்கிளில் வந்து சேர்ந்தபோது சட்டை முழுக்க நனைந்திருந்தது. முதலில் மனைவியைப் பார்த்தான், அவள் கையிலிருந்த சாவியைப் பார்த்தான், அதன் பிறகே காரைப் பார்த்தான். அந்த வரிசை தையல்காரிக்குப் பிடித்திருந்தது.

"கெடச்சிருச்சா?"

"கெடச்சிருச்சு. மேசைதான் இன்னும் மேல இருக்கு. கத்தரி எடுத்துட்டு வரவா?"

"வேணாம், வேணாம். புது பெல்ட்டு. எப்படிக் கழட்டுறதுன்னு போன்ல வீடியோ பாக்குறேன், ரெண்டே நிமிஷம்."

"பொறுமையாப் பாருங்க. வீட்டுக்கும் நானே ஓட்டிட்டு வரேன்."

"ஸ்பீட் பிரேக்கர்ல மட்டும்..." என்றான்.

"மெதுவா" என்று அவளே முடித்துவிட்டு, அறையைப் பெருக்க உள்ளே போனாள்.

துடைப்பத்தை எடுத்தபோது வெளியிலிருந்து பேச்சுச் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தாள். பையுடன் ஒரு பெண் காருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். இன்னும் காருக்குள்ளேயே இருந்த மாமியார் பின் ஜன்னல் வழியாக அந்தப் பையிலிருந்த திரைச்சீலையைப் பிரித்து, முழம் போட்டுக்கொண்டிருந்தாள்.

"வெள்ளிக்கிழம வாங்க. அவசரப்படுத்தாதீங்க, எங்க வேல சுத்தமா இருக்கும்" என்றாள் மாமியார். பிறகு கொஞ்சம் யோசித்து, "அன்னைக்கு நான் கடைக்குள்ளதான் இருப்பேன், வண்டிக்குள்ள இல்ல" என்று சேர்த்துக்கொண்டாள்.