நாலு சிலிண்டர் போதும்

ரோச்சின் பட்டறையில் அன்று இருந்தவர்கள் இவர்கள்: உப்பு வியாபாரி கிருபாநிதி, அவர் மனைவி தேவமணி, துறைமுக ஆபீசில் குமாஸ்தாவாக இருந்த தம்பி ஜெபசிங், இந்த அண்ணன் தம்பிக்கு நடுவில் பிறந்த ஜீவமணி டீச்சர், பட்டறைக்காரன் ரோச். தரையில் கட்டைகளின் மேல் இரண்டு எஞ்சின்கள். அவற்றையும் ஆளாகச் சேர்த்துக்கொள்ளலாம். அன்றைக்கு அவற்றுக்கு இருந்த மரியாதை அங்கே வேறு யாருக்கும் இல்லை. வராதவர் ஒருவர். பணம் கொடுத்தவர் அவர்தான்.

அவர் பெயர் ஜேசுபாதம். மூவருக்கும் அப்பா. மிஷன் பள்ளியில் முப்பத்தைந்து வருஷம் இருந்து தலைமையாசிரியராக ஓய்வு பெற்றவர். மனைவி செத்து ஐந்தாம் வருஷம், அறுபத்திரண்டு வயதில், செம்மணல் மேடான தேரிக்காட்டில் பனையேறி ஒருவனின் விதவையான கிருபையைக் கல்யாணம் செய்துகொண்டு அவள் வீட்டுக்கே போய்விட்டார். அந்தக் கல்யாணத்தின் மூன்றாம் வாரம், ஜீவமணிக்கு நிச்சயமாகியிருந்த சாயர்புரத்துச் சம்பந்தத்தை மாப்பிள்ளை வீட்டார் நாலே வரியில் முறித்து எழுதிவிட்டார்கள். அவளுக்கு அப்போது இருபத்தெட்டு. இப்போது முப்பத்துநாலு. இந்த ஆறு வருஷத்தில் அவள் அப்பாவின் முகத்தைப் பார்க்கவில்லை.

போன வருஷம் அவர் கிணற்றடியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. அதோடு நடை போயிற்று. மகன்கள் இருவரும் ஒரு தடவை மணலில் நடந்து போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள். ஜீவமணி போகவில்லை. இந்தப் பங்குனியில் அவர் ஆத்தூரில் தன் பங்குக்கு இருந்த வெற்றிலைக் கொடிக்காலை விற்று, பணத்தைப் பெரியவனுக்கு அனுப்பினார். கூடவே ஒரு கடிதம். குடும்பம் முழுவதும் ஏறுகிற மாதிரி பெரிய வண்டியாக வாங்குங்கள், அது மாதம் ஒரு தடவை என் வாசலில் வந்து நிற்க வேண்டும், வேறொன்றும் கேட்கவில்லை என்று எழுதியிருந்தார்.

“பணத்த அனுப்புனவரு ஒரு ரோட்டையும் சேத்து அனுப்பியிருக்கலாம்” என்றாள் தேவமணி. அதற்கு யாரும் சிரிக்கவில்லை.

வண்டி கிடைத்தது. எஸ்டேட்காரர் ஒருவர் கழித்துவிட்ட ஸ்டேஷன் வேகன். ஜீப்பின் முகமும் வேனின் முதுகுமாக நீளமாக இருந்தது. நாலு சக்கரமும் இழுக்கும். முன்னால் மூன்று பேர், நடுவில் மூன்று பேர், பின்னால் எதிரெதிராக இரண்டு பெஞ்சு. பின்கதவின் தாழ் தேய்ந்துபோயிருந்தது. சாத்தினால் மட்டும் நிற்காது, சாவி போட்டுப் பூட்டினால்தான் நிற்கும் என்று ரோச் முதல் நாளே சொல்லியிருந்தான். அதெல்லாம் சின்னக் குறை. வண்டிக்கு எஞ்சின் இல்லை என்பதுதான் பெரிய குறை. அதற்குத்தான் இந்தக் கூட்டம்.

ரோச் முன்பு விசைப்படகுகளுக்கு எஞ்சின் பார்த்தவன். புதுத் துறைமுகம் திறந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது, லாரிகள் பெருகியிருந்தன, அவனும் கடலை விட்டுக் கரைக்கு வந்துவிட்டான். இரண்டு எஞ்சின்களையும் துடைத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்தான். சின்னது நாலு சிலிண்டர். லிட்டருக்கு எட்டுக் கிலோமீட்டர் ஓடும். பெரியது ஆறு சிலிண்டர். அஞ்சு ஓடினால் அதிகம். இரண்டும் பெட்ரோல். பெட்ரோல் விலை ஏறிப்போன காலம் அது. கிருபாநிதி பெரியதைப் பார்த்த பார்வை, சொல்லாமல் கொள்ளாமல் வந்து சோற்றுக்கு உட்கார்ந்துவிட்ட விருந்தாளியைப் பார்க்கிற பார்வை.

ஜெபசிங்குக்குப் பெரியது வேண்டும். கொடைக்கானல் மலையில் பதினோரு பேரை ஏற்றிக்கொண்டு கியர் மாற்றாமல் போகலாம் என்று நின்றான். சின்னதுகூட மலை ஏறும், மெதுவாக ஏறும் என்றார் அண்ணன். மெதுவாக ஏறுவதற்கு மாட்டுவண்டி இருக்கிறதே என்றான் தம்பி.

“கொடைக்கானல்ல ஒனக்கு யாருலே இருக்கா?” என்றார் கிருபாநிதி.

கேட்ட பிறகுதான் அந்தக் கேள்வி எங்கே போய் முட்டும் என்பது அவருக்குத் தெரிந்தது. போய்ப் பார்க்க ஆள் காத்திருந்த இடம் தேரிக்காடுதான்.

ரோச் கையைக் கழிவுநூலில் துடைத்துக்கொண்டே, ஆள் கணக்கு போகட்டும், வண்டி எந்தெந்த ஊருக்குப் போகும் என்று கேட்டான். அவனுடைய வழக்கம் அது. படகானாலும் வண்டியானாலும் எவ்வளவு ஏற்றுவாய் என்று கேட்க மாட்டான், எங்கே போவாய் என்றுதான் கேட்பான். கோயிலுக்கு என்றாள் தேவமணி. நாசரேத்துக்கு, கன்னியாகுமரிக்கு, கல்யாண வீடுகளுக்கு என்று கிருபாநிதி அடுக்கினார். எல்லாம் தார் ரோட்டு ஊர்கள்.

ரோச் அலமாரியில் கிரீஸ் டப்பாவுக்குப் பின்னாலிருந்து ஒரு தபால் கார்டை எடுத்தான். “பெரியவரு எனக்கும் எழுதியிருக்காரு, அண்ணாச்சி. நான் எழுத்துக்கூட்டி வாசிச்சா பொழுது போயிரும். டீச்சர் வாசிக்கட்டும்.”

ஜீவமணி கார்டை வாங்கினாள். அந்தக் கையெழுத்தைப் பார்த்துத்தான் அவள் எழுதப் பழகியவள். வகுப்பில் வாசிக்கிற குரலில், ஏற்ற இறக்கம் இல்லாமல் வாசித்தாள்.

“அன்புள்ள ரோச் அவர்களுக்கு. தார் ரோட்டிலிருந்து என் வீடு இரண்டு மைல். முழுவதும் பொடிமணல். முதல் பர்லாங்கில் ஆழம் முக்கால் அடி. கருப்பட்டி காய்ச்சும் குடிசை தாண்டியதும் ஒன்றரை அடி. ஒற்றை உடைமரத்துக்கு அப்பால் மறுபடி ஓரடி. ஐப்பசி மழைக்குப் பிறகு கெட்டிப்படும், மாசியில் மீண்டும் இளகிவிடும். இவை என் மனைவி கோல் குத்தி அளந்தவை. இந்த மணலை இழுக்கக்கூடிய எஞ்சினைப் பொருத்தவும்.”

‘என் மனைவி’ என்ற இடத்தில் அவள் குரல் ஒரு கணம் நின்று, பிறகு போனது. அவள் அம்மா உயிரோடு இருந்த காலத்தில் அப்பா யாருக்கும் அப்படி எழுதியதில்லை. வீட்டில் இருக்கிறவர்கள் என்றுதான் எழுதுவார்.

“இத இழுக்கப் பெரிசுதான் வேணும்” என்றான் ரோச். “சின்னது அத்தன பேர ஏத்திக்கிட்டு இந்த மணல்ல எறங்குனா மூச்சு முட்டி நின்னுரும். நான் சொல்லிட்டேன்.”

மழைக்குப் பிறகு போய்க்கொள்ளலாமே, அப்போது மணல் கெட்டியாகத்தானே இருக்கும், அப்பாவே எழுதியிருக்கிறாரே என்றார் கிருபாநிதி. வருஷத்தில் மூன்று மாதம் போனால் போதுமா என்று ஜெபசிங் கேட்டான். அவனுக்கு மலைதான் மனசில். ஆனாலும் கையில் கிடைத்த மணலை விட அவன் தயாராக இல்லை. ஆளுக்கு ஒரு பக்கம் ஆயிற்று. கிருபாநிதி தங்கச்சியின் பக்கம் திரும்பி, அவளுக்கும் இதில் பங்கு உண்டு, அவள் சொல்வதே முடிவாக இருக்கட்டும் என்றார்.

ஜீவமணி எஞ்சின்களைப் பார்க்கவில்லை. கார்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“சின்னதே போதும்ண்ணே.”

“எஞ்சினப் பத்தி ஒனக்கு என்னக்கா தெரியும்?” என்றான் ஜெபசிங்.

“எஞ்சினப் பத்தித் தெரியாது. போற எடத்தப் பத்தித் தெரியும்.”

அவள் கார்டை நீட்டியபோது ரோச் வாங்க மறுத்துவிட்டான். சின்ன எஞ்சின் மாட்டுகிற பட்டறையில் அந்தக் கார்டுக்கு வேலை இல்லை என்றான். அவள் அதைக் கைப்பையில் போட்டுக்கொண்டாள்.

வண்டி ஆடி கடைசியில் தயாரானது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் பாதிரி ஐயர் வண்டியின் முன்னால் நின்று ஜெபம் செய்தார். கடற்கரைக்குப் போனார்கள், புதுத் துறைமுகத்தில் கப்பல் பார்க்கப் போனார்கள், ஒரு கல்யாணத்துக்குப் போனார்கள். தார் ரோட்டில் வண்டி சொன்னபடி கேட்டது. பெரிய எஞ்சின் வாங்கியிருந்தால் இந்நேரம் நடுத்தெருவில் நின்றிருப்போம் என்று கிருபாநிதி பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னார். பின்கதவுச் சாவியை அவர் அரைஞாணில் கட்டியிருந்தார்.

ஜீவமணி பின்பெஞ்சில், அந்தக் கதவோரம் உட்காருவாள். சில்லறை எடுக்கப் பையைத் திறக்கும்போதெல்லாம் கார்டு கையில் தட்டுப்பட்டது. கிழித்துப் போட்டிருக்கலாம், போடவில்லை. முக்கால் அடி, ஒன்றரை அடி, ஓரடி என்பது வாய்ப்பாடு மாதிரி மனப்பாடமாகிவிட்டது. ஒருத்தி வெயிலில் இரண்டு மைல் தூரம் கோலைக் குத்திக் குத்திப் பார்த்து, ஆழத்தை நினைவில் வைத்துக்கொண்டு திரும்பிப் போய், எழுந்து நிற்க முடியாத ஒருவரிடம் சொல்லியிருக்கிறாள். அவர் எழுதியிருக்கிறார். ஜீவமணிக்கு அதை நினைத்தால் கோபம்தான் வந்தது. ஆனால் யார் மேல் கோபம் என்பது முன்னைப்போல் அவ்வளவு சுளுவாகப் பிடிபடவில்லை.

அப்பாவிடமிருந்து பெரியவனுக்கு இரண்டு கார்டு வந்தது. இரண்டிலும் ஒரே கேள்வி, வண்டி தயாரா என்று. மூன்றாவது வருவதற்குள் ஜெபசிங் தன் இஷ்டத்துக்குப் பதில் போட்டுவிட்டான்: ஆவணி மூன்றாம் ஞாயிறு எல்லோரும் வருகிறோம். வேறு வழியில்லாமல் கிருபாநிதி சம்மதித்தார். நானும் வருகிறேன் என்று ஜீவமணி சொன்னபோது தேவமணி அவளை ஒரு மாதிரி பார்த்தாள். வண்டியிலேயே இருந்துகொள்வேன் என்றாள் ஜீவமணி.

பதினோரு பேர். அண்ணன் குடும்பம் ஆறு, தம்பி குடும்பம் நாலு, அவள் ஒருத்தி. ஆத்தூரைத் தாண்டும்போது கொடிக்கால் பச்சையாகத் தெரிந்தது. இப்போது அது யாருடையதோ. ஒருவரும் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

சாத்தான்குளத்துக்குக் கொஞ்சம் முன்னால் தார் ரோட்டை விட்டுப் பாதை பிரியும் இடத்தில் கிருபை நின்றிருந்தாள். ஜீவமணி அவளைப் பார்ப்பது அதுதான் முதல் தடவை. கறுத்து மெலிந்த, நாற்பத்தைந்து வயசுக்காரி. கையில் ஒரு கோல். அவளுக்குப் பின்னால், மிளகாய்த்தூள் நிறத்தில் கிடந்த மணலின் மேல், சக்கரம் போகிற அகலத்துக்கு இரண்டு வரிசையாகப் பச்சைப் பனையோலை வெட்டிப் பரப்பியிருந்தாள். பார்க்கிற தூரம்வரை ஓலை போயிற்று. இரண்டு மைலுக்கு ஒருத்தியால் வெட்டிப் போட முடியாது. முடிந்தவரை போட்டிருந்தாள்.

ஜெபசிங் வண்டியை ஓலையின் மேல் இறக்கினான். நன்றாகத்தான் போயிற்று. கருப்பட்டிக் குடிசைக்கு இப்பால் ஓலை முடிந்தது. அதற்கப்புறம் வண்டி தன் நீளத்துக்கு மூன்று மடங்கு தூரம் போயிருக்கும். எஞ்சின் முக்கியது, இருமியது, நின்றது. மறுபடி கிளப்பினான். சக்கரம் அச்சுவரை புதைந்தது. ரேடியேட்டரில் ஆவி கிளம்பியது.

எல்லோரும் இறங்கினார்கள். கிருபையும் ஓடி வந்து தோள் கொடுத்தாள். பின்னுக்குத் தள்ளி, ஓலைமேல் ஏற்றி, தார் ரோட்டுக்குக் கொண்டுவர ஒரு மணி நேரம் ஆனது. பிள்ளைகள் செம்மண் பொம்மைகளாகி அழத் தொடங்கின. ஜெபசிங் பானெட்டைத் திறந்து வைத்துவிட்டு, “பெரிசா இருந்தா இழுத்திருக்கும்” என்றான். அண்ணனைப் பார்த்துச் சொல்லவில்லை. அக்காவைப் பார்த்துச் சொன்னான்.

கிருபாநிதி முகத்தைத் துடைத்தார். அவர் முகத்தில் வருத்தம் இருந்தது. கடமை முடிந்த நிம்மதியும் இருந்தது. மழை விழட்டும், கார்த்திகையில் வருகிறோம் என்று அப்பாவிடம் சொல்லிவிடும்படி கிருபையைக் கேட்டுக்கொண்டார். தேவமணி பலகாரப் பொட்டலத்தை அவளிடம் நீட்டினாள். கிருபை வாங்கிக்கொண்டாள்.

“சொல்லுதேன்” என்றாள். “காலையிலேர்ந்து வாசல்லதான் நாற்காலி போட்டு உக்காந்திருக்காரு. உள்ள வாங்கன்னா, வண்டி சத்தம் கேக்கட்டும்ங்காரு.”

குறை சொல்லும் குரலில் அவள் அதைச் சொல்லவில்லை. கேட்டதற்குப் பதில் மாதிரிதான் சொன்னாள். எல்லோரும் ஏறத் தொடங்கினார்கள். ஜீவமணியும் பின்பெஞ்சில் ஏறி உட்கார்ந்தாள். எஞ்சின் ஆறட்டும் என்று ஜெபசிங் காத்திருந்தான். சத்தமே இல்லை, காற்றில் பனை உரசுவதைத் தவிர.

சத்தம் அவருக்குக் கேட்டிருக்காது என்று அவள் நினைத்தாள். எஞ்சின் நின்ற இடம் வீட்டிலிருந்து வெகு தூரம். கேட்காத சத்தத்துக்காக இன்னும் உட்கார்ந்திருப்பார். பொட்டலத்தோடு கிருபை தனியாகப் போய் நிற்கும்வரை உட்கார்ந்திருப்பார். அன்று பட்டறையில் அவள் பெரியது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை. அதைச் சம்பந்தம் முறித்த சாயர்புரத்துக்காரர்கள் தலையில் கட்ட முடியாது.

அவள் இறங்கினாள்.

“ஏளா, எங்க போற?” என்றார் கிருபாநிதி. “ரெண்டு மைலு. போயிட்டு வர இருட்டிரும். பிள்ளைய பசியோட கெடக்கு. நாங்க நிக்க முடியாது, பாத்துக்கோ.”

“நிக்காண்டாம்ண்ணே.”

“பொறவு எப்படி வருவ?”

அவளுக்கே தெரியாது. நாளைக்குப் பள்ளிக்கூடம் உண்டு. செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள். மணல் சுட்டது.

கிருபை அவளை மேலும் கீழும் பார்த்தாள். அம்மா என்றோ மகள் என்றோ அங்கே ஒரு பேச்சும் எழவில்லை. “ஓலை மேலயே வாங்க, டீச்சரம்மா. குடிசை தாண்டுனாத்தான் காலு பொதையும்” என்றாள்.

“தெரியும்” என்றாள் ஜீவமணி. “ஒண்ணரை அடி.”

கிருபை கோலை ஊன்றி முன்னால் நடந்தாள். ஜீவமணி நாலடி தள்ளிப் பின்னால் போனாள். வண்டிக்குப் பின்பக்கம் அண்ணனின் செருப்புச் சத்தம் வந்து நின்றது. ஒரு கணம் அவர் கூப்பிடுவார் போலிருந்தது. பிறகு பின்கதவை இழுத்துச் சாத்தும் சத்தம் கேட்டது. அது பிடிக்காமல் திறந்துகொண்டது. மறுபடி சாத்தி, சாவியைப் போட்டுப் பூட்டினார்.