அக்கா தங்கையாக்கிய படம்

வெண்கலம் தன் வாழ்நாளில் எத்தனை கதாநாயகர்களிடம் காதலைச் சொல்லியிருப்பாள் என்பதற்குக் கணக்கே கிடையாது. மழையில் நனைந்தபடி சொல்லியிருக்கிறாள், மருத்துவமனைக் கட்டிலில் மூச்சு வாங்கியபடி சொல்லியிருக்கிறாள், கழுத்தில் கத்தி இருக்கும்போதுகூடச் சொல்லியிருக்கிறாள். முகம் மட்டும் எப்போதும் வேறு யாருடையதாகவோ இருக்கும். அவள் நிற்பது ஒலிப்பதிவு அறையில், காதில் ஹெட்போனும் கையில் வசனத் தாளுமாக. குரல் கணீரென்று இருப்பதால் டப்பிங் உலகம் அவளுக்கு அந்தப் பெயரை வைத்தது. பெற்றவர்கள் வைத்த பெயர் அடையாள அட்டையோடு சரி.

வீட்டுக்கு வந்தால் இந்த மகராசிக்கு அந்த வார்த்தை வாயில் வராது. "தொண்டைக்கு வெந்நீர் குடிச்சியா?" என்பாள். "சாரல் அடிக்குது, ஜன்னலைச் சாத்து" என்பாள். அதையெல்லாம் காதலாக எடுத்துக்கொள்ளக் கூட வாழும் கீச்சு பழகிவிட்டாள் என்று வெண்கலம் தானாகவே முடிவு கட்டியிருந்தாள்.

கீச்சும் டப்பிங்காரிதான். மெல்லிய குரல், அதனால் அந்தப் பெயர். முப்பது வருடமாக இருவருக்கும் ஒரே வீடு. வீட்டுச் சொந்தக்காரருக்கு அவர்கள் சிநேகிதிகள். பக்கத்து வீட்டுக்கு ஒன்றுவிட்ட அக்கா தங்கை. வெண்கலத்தின் அண்ணன் குடும்பத்துக்கு "அத்தையும் அத்தைகூட இருக்கறவங்களும்". யாரும் அதற்குமேல் கேட்கவில்லை, இவர்களும் சொல்லவில்லை.

அவர்களைச் சேர்த்துவைத்ததே ஒரு வெளிநாட்டுப் படம்தான். இரண்டு பெண்கள் இளம் வயதில் ரயில் நிலையத்தில் சந்தித்து, ஒரே வீட்டில் வாழ்ந்து, தலை நரைக்கும்வரை போகிற கதை. அந்தக் காலத்தில் படத்தில் இப்படி ஒரு ஜோடி வந்தால் கடைசி ரீலுக்குள் ஒருத்தியாவது செத்தாக வேண்டும். இல்லையென்றால் பைத்தியம் பிடிக்க வேண்டும். அதுவும் இல்லையென்றால் மீசை வைத்த ஒருவன் வந்து திருத்த வேண்டும். ஜோடி ஆண்களாக இருந்துவிட்டால் இடுப்பை ஒடித்து நடக்கவைத்துத் தியேட்டரையே சிரிக்கவைப்பார்கள். கீச்சுக்குப் பிழைப்பு ஓடியதே இந்தச் சாவுகளில்தான். விஷம் குடித்தும் மாடியிலிருந்து குதித்தும் அவள் செத்த சாவு கொஞ்சநஞ்சமில்லை. ஆனால் இந்தப் படத்தில் யாரும் சாகவில்லை. கடைசிக் காட்சியில் இரண்டு கிழவிகளும் போர்வை மடித்துக்கொண்டு நிம்மதியாக இருந்தார்கள். அன்றைய வசனகர்த்தாவுக்கு அதுதான் தலைவலி. சாகடிக்க வழியில்லாததால் அக்கா தங்கையாக்கிவிட்டார்.

முத்தங்களைக் கத்தரித்துவிட்டார்கள். பார்வையைக் கத்தரிக்க முடியுமா? திரையில் ஒருத்தி மற்றவளைக் கண்ணாலேயே விழுங்குகிறாள். வெண்கலம் மைக்கில் உருக வேண்டிய வசனமோ, "தங்கச்சி, உன்னைப் பார்த்தா நம்ம அம்மா ஞாபகம் வருது." அப்போதெல்லாம் இரண்டு பேருக்கும் ஒரே மைக், தோளோடு தோள் உரசித்தான் நிற்க வேண்டும். கீச்சு பொத்துக்கொண்டு சிரித்தாள். வெண்கலத்துக்கும் தொற்றிக்கொண்டது. டேக் மேல் டேக் வீணாகி, ஒலிப்பதிவாளர் தலையில் அடித்துக்கொண்டார். மாலையில் வாசலில் வெண்கலம், "நீ எந்தப் பக்கம் போகணும்?" என்று கேட்டாள். "நீ எந்தப் பக்கம்?" என்றாள் கீச்சு. அப்புறம் இருவரும் ஒரே பக்கமாகத்தான் போனார்கள்.

படம் நன்றாக ஓடியது. கூடப்பிறந்த பாசம் என்றால் இதுவல்லவா என்று தாய்மார்கள் குடும்பத்தோடு வந்து அழுதுவிட்டுப் போனார்கள்.

இப்போது அதே படத்தை மறுபடி டப் செய்கிறார்கள், எதையும் வெட்டாமல், உள்ளதை உள்ளபடி. இளமைப் பகுதிக்கு இளசுகள் பேசி முடித்தாயிற்று. முதுமைப் பகுதிக்கு ஆள் கேட்டு டப்பிங் இயக்குநர் நேரே வீட்டுக்கே வந்துவிட்டாள். வயது முப்பதுகூட இருக்காது.

"சின்ன வயசுல டிவில பார்த்தேம்மா. வசனம்தான் அக்கா தங்கச்சின்னு சொல்லுச்சு, உங்க ரெண்டு பேர் குரலும் அப்படிச் சொல்லல. எங்க வீட்ல எல்லாரும் அழுதாங்க. எனக்கு மட்டும் ஒரே சந்தோஷம். ஏன்னு ரொம்ப நாள் கழிச்சுத்தான் எனக்கே புரிஞ்சுது. நீங்களே பேசணும்."

வெண்கலத்துக்குத் தூக்கிவாரிப் போட்டது. பொத்திப் பொத்தி வைத்தது குரல் வழியாகக் கசிந்து வீடு வீடாகப் போயிருக்கிறதா? முடியாது என்று சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் கீச்சு முந்திக்கொண்டாள்.

"வர்றோம்மா."

அந்தப் பெண் போனதும் வெண்கலம் கீச்சைப் பிடித்துக்கொண்டாள். "அங்க ரெக்கார்டிங் பண்றது யாரு? நம்ம பையன்!" அண்ணன் மகனைச் சொன்னாள். அவனைக் கைபிடித்து அழைத்துப்போய் அந்தத் தொழிலில் சேர்த்துவிட்டதே அவள்தான். "கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உக்காந்து ஒவ்வொரு வார்த்தையா கேட்பான். அவன் முன்னாடி அந்த வசனத்தை நான் எப்படிடி பேசுவேன்?"

"எவனெவனுக்கோ பேசியிருக்கே. படத்துக்காகவாவது ஒரு தடவை எனக்குப் பேசேன். நான் கேட்டதே இல்ல."

கீச்சு சண்டைக்காகச் சொல்லவில்லை. துணியைக் கொடியில் உதறிப் போட்டபடி, திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னாள். பழகிவிட்டாளாம்! என்ன மடத்தனம்! முப்பது வருடமாக ஒருத்தி காத்துக்கொண்டிருந்திருக்கிறாள், தான் ஜன்னலைச் சாத்தச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறோம் என்று வெண்கலம் தன் தலையில் தானே குட்டிக்கொண்டாள்.

இப்போதெல்லாம் இரண்டு பேரைச் சேர்த்து நிற்கவைப்பதில்லை, ஒவ்வொருவராகத்தான் எடுக்கிறார்கள். கீச்சு தன் பங்கைச் சடசடவென்று முடித்துவிட்டு வெளியே போய் அண்ணன் மகன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். வெண்கலம் தனியாக மைக் முன்னால் நின்றாள். கடைசிக் காட்சி ஓடியது. திரையில் கிழவிகள் போர்வையின் இரு முனைகளையும் பிடித்துக்கொண்டு மடிக்கிறார்கள். ஒவ்வொரு மடிப்புக்கும் கிட்டே கிட்டே வருகிறார்கள். கையும் கையும் முட்டும் இடத்தில் பெரியவள் உதட்டை அசைக்கிறாள்.

"உன்மேல எனக்கு அவ்ளோ ஆசை. அன்னைக்கும் சரி, இன்னைக்கும் சரி" என்றாள் வெண்கலம்.

உதட்டு அசைவு அச்சாகப் பொருந்தியது. வார்த்தையில்தான் உயிர் இல்லை. மறுபடி எடுத்தார்கள், மறுபடியும் எடுத்தார்கள். கண்ணாடிக்குப் பின்னால் அண்ணன் மகனின் தலை தெரிந்தபோதெல்லாம் அவள் வசனத் தாளுக்குள் கண்ணைப் புதைத்துக்கொண்டாள்.

"தப்பா எடுத்துக்காதீங்கம்மா," என்றாள் இயக்குநர் தயங்கித் தயங்கி. "செய்தி வாசிக்கிற மாதிரி இருக்கு."

"எனக்கு வராதும்மா. வேற யாரையாவது வெச்சுக்கோ." வெண்கலம் ஹெட்போனைக் கழற்றிவிட்டாள்.

கதவைத் தள்ளிக்கொண்டு கீச்சு உள்ளே வந்தாள்.

"கீச்சத்தை, மூச்சு விட்டாக்கூட மைக்ல விழும்" என்று அண்ணன் மகன் அலறினான்.

"மூச்சைப் பிடிச்சுக்கறேன். நீ படத்தைப் போடு."

வெண்கலத்தின் தலையில் ஹெட்போனைத் திரும்ப மாட்டிவிட்டு, பழையபடி தோளோடு தோளாக நின்றுகொண்டாள். சிவப்பு விளக்கு எரிந்தது. போர்வை ஒரு மடிப்பு, இன்னொரு மடிப்பு. திரையில் கையும் கையும் முட்டப் போகிற நேரத்தில் கீச்சு அவள் காதோரம் ஹெட்போனை இலேசாகத் தூக்கி, வெண்கலத்தின் பழைய வசனத்தைக் கிசுகிசுத்தாள்.

"உன்னைப் பார்த்தா நம்ம அம்மா ஞாபகம் வருது."

வெண்கலத்துக்கு அடிவயிற்றிலிருந்து சிரிப்பு கிளம்பிற்று. முப்பது வருடத்துச் சிரிப்பு, பாதி வழியில் அழுகையாகத் திரும்பியது. கண்ணாடியை மறந்தாள், அண்ணன் மகனை மறந்தாள், திரையில் யார் வாயசைத்தார்கள் என்பதையும் மறந்துபோனாள். தலையைத் திருப்பினாள். கீச்சின் நரைத்த முன்முடி முகத்துக்கு அவ்வளவு பக்கத்தில் இருந்தது.

"உன்மேல எனக்கு அவ்ளோ ஆசைடி" என்றாள். "அன்னைக்கும் சரி, இன்னைக்கும் சரி."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இயக்குநர் கைக்குட்டையைத் தேடிக்கொண்டிருந்தாள். ஹெட்போனில் அண்ணன் மகன் தொண்டையைச் செருமிக்கொள்வது கேட்டது.

"அத்தை, பிரமாதம். ஆனா மைக்கை விட்டுட்டு அந்தப் பக்கம் திரும்பிட்டீங்க. எனக்கு எதுவுமே சரியா விழல. இன்னொரு தடவை சொல்லிடறீங்களா?"

வெண்கலம் வெட்கத்தில் முகத்தை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றாள். கீச்சு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவள் தோளைப் பிடித்து மைக் பக்கமாகத் திருப்பிவிட்டாள்.

"எனக்குக் கேட்டாச்சு. இப்ப அவங்களுக்குச் சொல்லு."