அண்ணன் கட்டிய ஆபீஸ்

1

இந்தக் கதை ஒரு பயத்தில் பிறந்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

என் அண்ணனுக்கு வேலை போய்விட்டது. யாராவது புதியவர் "என்ன பண்றீங்க?" என்று ஆரம்பித்தால் போதும், செருப்பைத் தேட ஆரம்பித்துவிடுவான். (எழுதும்போது சிரிப்பு வருகிறது. அப்போது வரவில்லை.) விஷயம் அண்ணிக்கும் எனக்கும் தெரியும். அவர்கள் மகள் வாலுவுக்குத் தெரியக்கூடாது. அவளுக்கு எட்டு வயது. அவளுக்குத் தெரியாமல் பார்த்துக்கொள்வதுதான் அப்போது எங்கள் மூவரின் முழுநேர வேலை.

காலையில் தேய்த்த சட்டையோடு அண்ணன் கிளம்புவான். நூலகத்தில் உட்கார்ந்து விண்ணப்பம் அனுப்புவான். மாலையில் வாலு கேட்பாள், "இன்னிக்கு ஆபீஸ்ல என்னப்பா நடந்துச்சு?" ஏதாவது சொல்லியாக வேண்டும். சொல்லுவான்.

2

தொடக்கங்கள்:

மழை கொட்டிக்கொண்டிருந்த அந்த மாலையில், மேல்மாடிக்குப் புதிதாகக் குடிவந்தவர்

(மழையே பெய்யவில்லை. எழுத்து வராதபோதெல்லாம் நான் மழையைக் கூப்பிட்டுவிடுவேன்.)

ஒரு மனிதரை அவர் வேலையை வைத்து எடைபோடும் நம் பழக்கம்

(கட்டுரை வாடை. அடித்துவிட்டேன். ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். வேலை எதுவென்று கேட்பதில் தப்பில்லை, கேட்டதும் கேட்டவர் முகம் மாறுகிறதே, அதுதான் வலி.)

சரி, நடந்ததையே சொல்கிறேன். மேல்மாடிக்குப் புதிதாகக் குடிவந்த பெண்மணியை அண்ணி சாப்பிடக் கூப்பிட்டாள். வந்தவர் எப்படியும் அந்தக் கேள்வியைக் கேட்பார். அதனால் நானே முந்திக்கொள்வது என்று முடிவுசெய்தேன். வேலையைப் பற்றி யாரும் கேட்கக்கூடாது, கையாலோ மனதாலோ என்ன உண்டாக்குகிறீர்கள் என்று மட்டுமே கேட்க வேண்டும். பெரிய புத்திசாலி நான்.

3

"இந்த வீட்ல ஒரு வழக்கங்க," என்றேன். (அப்படி எந்த வழக்கமும் இல்லை. அண்ணி என்னைப் பார்த்த பார்வையைக் கண்டுகொள்ளவில்லை.) "என்ன வேலைன்னு கேக்க மாட்டோம். நீங்களா எதையாவது உண்டாக்குவீங்கல்ல, தையலோ பாட்டோ, அதத்தான் கேப்போம்."

அவர் கொஞ்சம் வெட்கப்பட்டார். பிறகு முகம் மலர்ந்தது. "பொம்மை செய்வேன். பேஷன்ட்டுங்களோட பல்லு அச்சு மிஞ்சும். அதுக்குக் கண்ணு, மூக்கெல்லாம் வரைஞ்சு தலையில நூல் முடி ஒட்டிடுவேன்."

பல் டாக்டர் என்பது தெரிந்துவிட்டது. வாலு விழுந்து விழுந்து சிரித்தாள். எல்லாம் நல்லபடியாகப் போகிறது என்று நினைத்தேன்.

கேட்ட கேள்வி திரும்பி வரும் என்பதை யோசிக்கவே இல்லை.

"சார், நீங்க என்ன உண்டாக்குவீங்க?" என்று அண்ணனைக் கேட்டார்.

வேலையென்றால் ஒரு பொய்யாவது தயாராக வைத்திருந்தான். இதற்கு ஒன்றுமே இல்லை. தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். "நானா… அப்படி ஒண்ணும் இல்லைங்க." அந்தக் குரலைக் கேட்டதும் என்னையே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது. அவனுக்குத் துணையாக இருக்க நினைத்து, மிச்சமிருந்ததையும் பிடுங்கிவிட்டேன்.

"ஏன் பொய் சொல்ற?" என்றாள் வாலு. "அப்பா ஆபீஸ் உண்டாக்குவாரு, ஆன்ட்டி."



"அங்க லிஃப்ட் பேசும். வணக்கம் சொல்லலன்னா மேல ஏத்தாது. காப்பி மெஷினுக்குக் கோவம் வந்தா வெந்நீர்தான். மேனேஜர் பாவம், லிஃப்ட்னா பயம், அப்பா கையப் புடிச்சுக்குவாரு. எல்லாமே அப்பா உண்டாக்கினதுதான்."

அண்ணி மெல்லக் கேட்டாள். "உனக்கு எப்படிடி தெரியும்?"

"கழுத்துல கார்டே மாட்டறதில்லையே அப்பா."

சட்டையைத் தேய்த்தோம், சாப்பாடு கட்டினோம். அடையாள அட்டையை மூன்று பேருமே மறந்திருக்கிறோம்.

"தெரிஞ்சும் ஏன்டா தினமும் கேட்ட?" என்றான் அண்ணன்.

"கதை நல்லாருந்துச்சுப்பா. அப்புறம், சொல்றப்ப நீ சிரிப்ப."

4

இங்கே எனக்கு ஒரு சந்தேகம். எட்டு வயதுக் குழந்தை இப்படிப் பேசுமா? வாசகர் நம்பாவிட்டால் கடைசி வாக்கியத்தை அடித்துவிடலாமா என்று அண்ணனிடம் கேட்டேன். "அத மட்டும் விட்டுட்டு மத்தத எல்லாம் அடி," என்றான்.

அந்த மேனேஜரும் என்னை உறுத்துகிறார். உண்மையான மேனேஜர் இரண்டு வரி மின்னஞ்சலில் இவனை அனுப்பிவைத்தவர். நானாக இருந்தால் அவரை லிஃப்டுக்குத் தின்னக் கொடுத்திருப்பேன். அண்ணன் அவருக்கு ஒரு பயத்தைக் கொடுத்து, பிடித்துக்கொள்ளத் தன் கையையும் கொடுத்திருக்கிறான். வீட்டில் எழுத்தாளர் நான்தான் என்று ஊருக்கே சொல்லிக்கொண்டு திரிகிறேன்.

5

முடிவுகள்:

(அ) அண்ணனுக்கு வேலை கிடைக்கிறது. எல்லோரும் சிரிக்க

(ஆ) கிடைக்கவில்லை. ஆனாலும் அவன் தன்னை

இரண்டும் வேண்டாம். இன்றிரவு, சற்று முன் நடந்ததைச் சொல்கிறேன். நாளை அவனுக்கு நேர்காணல். கிடைத்துவிடும் போலத்தான் இருக்கிறது. அவன் கதையிலோ லிஃப்ட் இரண்டு மாடிக்கு நடுவில் நின்றுவிட்டது. உள்ளே மேனேஜர், அப்பா, கோபத்தில் காப்பி மெஷின்.

வாலு போர்வைக்குள்ளிருந்து கேட்டாள். "அப்பா, புது வேல கெடச்சா நம்ம ஆபீஸ மூடிடுவியா?"

அண்ணன் என்னைப் பார்த்தான். எழுதுகிறவள்தானே, நீ சொல்லேன் என்கிற பார்வை. எனக்கு வரவில்லை. வந்திருந்தால் இந்தக் கதையே தேவைப்பட்டிருக்காது.

அதனால் உங்களிடம் வருகிறேன். நீங்கள் என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று கேட்க மாட்டேன். எதையாவது எப்போதாவது உண்டாக்கியிருப்பீர்கள் இல்லையா, அது போதும். பக்கத்தில் வந்து உட்காருங்கள். அவள் இன்னும் தூங்கவில்லை.