கும்பலுக்கு ஒரு ஆள் குறைகிறது

பல்வலி என்று ஊரே கூப்பிடும் ரவுடியையும் அவன் மச்சானையும் தனிப்படை அதிகாரி பிடித்து வைத்திருந்தார். கும்பல்களை ஒடுக்கப் புதிதாக வந்த சட்டத்தில் போட்டால் இருவருக்கும் ஜாமீன் கிடையாது. அதிகாரிக்குப் பதவி உயர்வு நிச்சயம். ஒரே ஒரு சிக்கல். கும்பல் என்றால் குறைந்தது மூன்று பேர் வேண்டும் என்கிறது அந்தச் சட்டம். மூன்றாமவன் இருக்கத்தான் செய்தான். போன மாதம் அவனைச் சுட்டுக் கொன்றதற்குத்தான் அதிகாரிக்குப் பதக்கமே கொடுத்தார்கள்.

"செத்தவனைக் கூண்டுல ஏத்த முடியாது சார்," என்றார் அரசு வக்கீல். "உயிரோட ஒருத்தன் வேணும்."

அப்படித்தான் பிளம்பர் உள்ளே வந்தார். பல்வலி வீட்டுக் குளியலறையில் ஒரே ஒரு குழாயைச் சரிசெய்ய ஏழெட்டுத் தடவை போனவர். ஒவ்வொரு தடவையும் தெருமுனைக் கேமராவில் விழுந்திருந்தது. 'தொடர் சந்திப்பு' என்று எழுதி, அடியில் கோடும் போட்டுக்கொண்டார் அதிகாரி.

விஷயம் தெரிந்து, மருந்துக் கடை வேலையைப் பாதியில் விட்டுவிட்டு ஓடி வந்தாள் பிளம்பரின் மனைவி.

"சார், இவருக்கு வேலை சுத்தமா வராது. எங்க வீட்டுக் குழாயே ஒழுகிட்டுத்தான் இருக்கு. முதல் தடவையே ஒழுங்கா செஞ்சிருந்தா ஏன் அத்தனை தடவை போகப்போறாரு?"

அதிகாரி பிளம்பர் பக்கம் திரும்பினார். "வீட்டம்மா சொல்றது நிஜமா?"

பிளம்பரின் முகம் சுண்டிப்போனது. "அவளுக்கு என்ன சார் தெரியும்? நான் கை வச்சா ஒரே தடவைதான்."

"அப்ப மீதித் தடவையெல்லாம் எதுக்குப் போன?"

மனைவி தலையில் அடித்துக்கொண்டாள்.

"ஏங்க, வேலை தெரியாதுன்னு ஒரு வார்த்தை சொல்லித் தொலைங்களேன்."

"நாளைக்கு எவன்டி என்னை வேலைக்குக் கூப்பிடுவான்?"

"ஜெயிலுக்குள்ள இருந்தா மட்டும் வரிசையில நின்னு கூப்பிடுவாங்களா?"

கும்பலின் முதுகெலும்பை முறித்துவிட்டதாக மறுநாள் அமைச்சர் பேட்டி கொடுத்தார். அந்த முதுகெலும்பு தனி நீதிமன்றத்தின் கடைசி பெஞ்சில், லுங்கியோடு உட்கார்ந்து மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தது.

கூப்பிட்டதும் பிளம்பர் கூண்டேறினார். கூட்டத்தில் அவருடைய வாடிக்கையாளர்கள் சிலர் இருந்தார்கள். அவர்களைப் பார்க்காமல், தரையைப் பார்த்துச் சொன்னார்.

"ஐயா, எனக்கு வேலை தெரியாதுங்க. வாஷர் மாத்தினா பக்கத்துல ஒழுகும். அழுத்தி முடுக்கினா மரை தேஞ்சிடும். அதான் திரும்பத் திரும்பப் போனேன்."

சொல்லி முடித்ததும் அழுதார். கைது செய்தபோதுகூட அவர் அழுததில்லை.

அரசு வக்கீல் அங்கியைச் சரிசெய்துகொண்டு எழுந்தார். "வேலை தெரியாத ஒருவரை யாராவது ஏழெட்டுத் தடவை கூப்பிடுவார்களா, கனம் நீதிபதி அவர்களே? குழாய் ஒரு சாக்கு." பிளம்பரைப் பார்த்தார். "கூலி வாங்கினியா?"

"இல்லைங்க. கேட்டா அடிப்பான்."

"கூலியே வாங்காமல் உழைத்திருக்கிறார். இதற்கு மேல் விசுவாசத்துக்கு என்ன சாட்சி வேண்டும்?"

நீதிபதிக்கு இந்தத் தர்க்கம் பிடித்துப்போனது என்பது அவர் தலையாட்டியதில் தெரிந்தது. பிளம்பரின் மனைவி எழுந்து நின்றாள்.

"ஐயா, மிரட்டி ஓசியில வேலை வாங்கறதுதானே ரவுடித்தனம்? அப்படின்னா இவரு அவன்கிட்ட மாட்டின ஆளில்லையா? சாட்சி சொல்ல வேண்டியவரை ஏன் கூண்டுல ஏத்துறீங்க?"

வக்கீல் அல்லாதவர் பேசக்கூடாது என்று அவளை உட்காரச் சொன்னார்கள். ஜாமீன் இல்லை. வழக்கு முடியும்வரை மூவரும் உள்ளேதான் இருக்க வேண்டும். ஒரே கும்பலை ஒரே இடத்தில் வைப்பதுதான் சிறை விதியாம். ஆகவே பிளம்பருக்கும் பல்வலிக்கும் ஒரே அறை.

வழக்கு மாதக்கணக்கில் இழுத்தது. ஒருநாள் வேலை முடிந்து வரும் வழியில் அவள் வெங்காயம் வாங்க நின்றாள். அரைக் கிலோவுக்கு அவளிடம் தினமும் மல்லுக்கட்டும் காய்கறிக்காரர் அன்று பேரமே பேசவில்லை. பை நிறைய அள்ளிப் போட்டார்.

"எவ்வளவு?"

"உங்ககிட்டப் போய்க் காசு வாங்குவேனாக்கா? எடுத்துக்கிட்டுப் போங்க."

"அண்ணே, விளையாடாதீங்க." ரூபாய் நோட்டைத் தராசுத் தட்டில் வைத்தாள்.

அவர் அதைத் தொடவில்லை. அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "அண்ணன்கிட்ட நம்மளப் பத்தி நல்லதா ஒரு வார்த்தை சொல்லி வைங்கக்கா."

எந்த அண்ணனிடம் என்று அவள் கேட்கவில்லை. நோட்டு தட்டிலேயே கிடந்தது. பின்னால் நின்றிருந்தவர்கள் அவளுக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றார்கள்.