முன் கவுண்டர் வேலை

இருபத்திரண்டு வருடமாக இந்தக் கண்ணாடிக் கடையின் முன் கவுண்டரில் உட்கார்ந்து ஊரார் மூக்கையும் காதையும் பார்த்துக்கொண்டிருக்கிறேன். யாருக்கு எந்த ஃபிரேம் நிற்கும், யாருக்கு வழுக்கும் என்று அவர்கள் கதவைத் தள்ளும்போதே சொல்லிவிடுவேன். அப்பேர்ப்பட்ட என் முன்னால், ஆறு மாதத்துக்கு முன் வந்த மேனேஜர் ஒரு கடிதத்தோடு வந்து நின்றார்.

"நாளைல இருந்து நீங்க பின்னாடி, லென்ஸ் தேய்க்கிற ரூம்ல. முன்னாடி கொஞ்சம் இளமையா இருந்தா நல்லாருக்கும், அதான்..."

எனக்கு ஐம்பத்தொன்று. பக்கத்து நாற்காலி நரைமீசைக்கு ஐம்பத்தாறு.

"அப்போ இவரும் பின்னாடி வர்றாரா?"

"சே சே! அவரப் பாத்தாலே கஸ்டமருக்கு ஒரு நம்பிக்கை வருதுங்க. முகத்துலயே அனுபவம் தெரியுது."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஃபிரேமின் கம்பியை எப்படி வளைப்பது என்று அந்த மீசைக்குச் சொல்லிக்கொடுத்ததே நான்தான். அவருக்கு அது இன்னும் கைவரவில்லை என்பது வேறு விஷயம்.

கடிதத்தை நீட்டினார். நான் கையைக் கட்டிக்கொண்டேன். "நீங்களே படிச்சுக் காட்டுங்க சார்."

வேண்டுமென்றேதான் சொன்னேன். அவருக்கு நாற்பத்தைந்து. செல்போனை ஒரு முழம் தள்ளிப் பிடித்துத்தான் பார்க்கிறார். கண்ணாடிக் கடைக்கே மேனேஜர். கண்ணாடி போட்டால் வயசு தெரிந்துவிடும் என்று போடாமலே காலம் தள்ளுகிறார். இப்போதும் கையை நீட்டினார், நீட்டினார், கை போதவில்லை. "தங்களை... தங்களைப் பின்..."

பாவம் பார்க்கிற மனநிலையில் நான் இல்லை. ஆனால் கைக்குப் பழக்கதோஷம். மேஜையிலிருந்த ஒன்றரை பவர் கண்ணாடியை எடுத்து அவர் மூக்கில் மாட்டிவிட்டேன்.

கண் விரிந்தது. கடகடவென்று படித்தார்: "வயது காரணமாகப் பெண் ஊழியர்கள்..." அதோடு நிறுத்திவிட்டார். கீழே இருந்த கையெழுத்து அவருடையது. படிக்காமலே போட்டிருக்கிறார்; உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்தது இப்போதுதான்.

மெல்ல நிமிர்ந்தார். "இந்தக் கண்ணாடில வயசான மாதிரி தெரியுறேனா?"

"தெரியுது சார். நீங்க ஆம்பளதானே, அனுபவம்னு சொல்லிக்கலாம்."

கண்ணாடி வழுக்கி மூக்கு நுனிக்கு வந்தது. "லூசா இருக்கே. கொஞ்சம் வளைச்சுக் குடுங்களேன்."

"அது முன் கவுண்டர் வேலை. மீசை சார்கிட்ட குடுங்க."

நரைமீசை தலையைத் தூக்காமலே சொன்னார்: "காது விஷயம்னா மேடம்தான் சார். நான் வளைச்சா ஒடஞ்சிரும்."

மேனேஜர் ஒரு கையால் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு, மறு கையிலிருந்த கடிதத்தையே பார்த்தார். என் வாய்தான் துடுக்காகப் பேசியது. இந்த நாற்காலி போனால், இந்த வயதில் எனக்கு இன்னொரு நாற்காலி யார் போடுவார்கள்?

"கிழிச்சிடவா?" என்றார்.

கிழிக்க இரண்டு கையும் வேண்டுமே. கண்ணாடியை நான் பிடித்துக்கொண்டேன்.